பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்த காலம்



1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1530களின் நடுவில், அக்கரையில் வாழ்ந்த பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். அரசியல் நெருக்கடியில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிய மக்கள் அவர்கள். தண்ணீர் ஊற்றப்பட்டது, பெயர் சூட்டப்பட்டது. ஆனால் உடனிருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வழியில் சந்தித்தவர்களிடம் சவேரியார், முன்பு இருந்ததைவிட இப்போது நீங்கள் என்ன அதிகமாக நம்புகிறீர்கள் என்று கேட்டார். கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. இதை அவரே உரோமைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி நம்மைப் பார்த்தும் கேட்கப்படுவதுதான். ஆனால் அதற்கு முன், அந்தப் பதிலைக் கேட்ட சவேரியார் என்ன செய்தார் என்று பார்ப்போம். மறைக்கல்வி என்றதும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வளாகத்தில் நடக்கும் சிறுவர் வகுப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. அது தொடங்கிய விதமோ வேறு.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் அறிந்த சிலரைத் தம்மோடு உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றைப் பல நாள் முயன்று தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். நாளுக்கு இருமுறை சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டினார். ஓர் ஊரில் ஒரு மாதம் இப்படி நடந்தது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பார்: நீங்கள் கற்றதை உங்கள் அப்பா அம்மாவுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாரும் ஒன்றாகக் கூடுவார்கள். விசுவாச அறிக்கையின் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, உரத்த குரலில் பதில் சொல்வார்கள்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இவையெல்லாம் விரிவாக இருக்கின்றன. நோயாளிகளின் வீடுகளுக்கு எல்லாம் தாமே போக முடியாமல், மந்திரம் கற்ற பிள்ளைகளை அனுப்பியதையும் அதில் எழுதுகிறார். வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, அவர்களோடு சேர்ந்து விசுவாச அறிக்கையைச் சொல்லி, நோயாளிக்காகச் செபித்தவர்கள் பள்ளிப் பருவப் பிள்ளைகள். அதே கடிதத்தில் இன்று வாசிக்கும்போது நமக்கு நெருடுகிற வரிகளும் உண்டு. பழைய வழிபாட்டை விடாத பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகளே வந்து சொன்னதையும், சிலைகளை உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். பிறர் நம்பிக்கையை மதிக்கக் கற்ற நம் காலத்துத் திரு அவை அந்தப் பகுதியைப் பின்பற்றச் சொல்லாது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

ஊர் விட்டு ஊர் போகிற மனிதர் அவர். அடுத்த ஊருக்குப் போன பிறகு யார் சொல்லிக்கொடுப்பது? ஊருக்கு ஒருவராக எழுத்தறிந்தவர்களை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்று மக்கள் அழைத்த இவர்களே பிற்கால உபதேசியார்களின் முன்னோடிகள். அவர்களுக்குக் கூலி வேண்டுமே! முத்துக்குளித்துறையின் வரிப்பணத்தில் 4,000 பொன் பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தரும்படி சவேரியார் அரசிக்கு எழுதினார். விண்ணகம் ஏற இந்தக் குழந்தைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணம். பணமும் கிடைத்தது.

ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற பொருளில் சொல்லியிருந்தார்கள்! இப்படிப்பட்ட பிழைகளைக் கண்டு திருத்தியவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றீக் என்றீக்கஸ். 1546இல் இந்தியா வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் நம் கடற்கரையிலேயே உழைத்து, 1600இல் இறந்தவர். தமிழை இலக்கணத்தோடு கற்றார், தாமே ஓர் இலக்கண நூலும் எழுதினார். தமக்கு முந்தியவர் புனிதராகவே இருந்தாலும், மக்கள் வாயில் பிழையான சொல் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அவர் உழைப்பில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 16 பக்கச் சிறு நூல். இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் ஒரு மறைக்கல்விப் புத்தகம் என்பதைப் பல முறை கேட்டிருக்கிறோம். அதற்கான செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே நன்கொடை கொடுத்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு கொச்சியில் ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசும் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல், 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய நூல். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதல் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம். கடைசிப் புத்தகத்தை, வேலை முடிந்து வந்த பெரியவர்கள் நடுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். படிப்பு ஏதோ ஒரு வயதில் முடிந்துவிடும் என்று அடிகளார் எண்ணவில்லை.

பிறகு எப்படி அது சிறுவர் வகுப்பாகச் சுருங்கியது? காரணங்கள் பல. ஒன்றை மட்டும் சொல்கிறோம். 1905இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஒவ்வொரு பங்கிலும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சிறுவர் சிறுமியருக்கு மறைக்கல்வி நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அதே மடலில் பெரியவர்களுக்கும் தனியாக மறைக்கல்வி நடத்தச் சொன்னார். முதல் பாதி நம் பங்குகளில் வேரூன்றிவிட்டது. சின்னக் குறிப்பிடம் தெரியாமல் புதுநன்மை கிடையாது என்பது நம் தாத்தா பாட்டி காலத்துச் சட்டம். மறுபாதி பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 1910இல் அதே திருத்தந்தை, ஏறக்குறைய ஏழு வயதிலேயே நற்கருணை வாங்கலாம் என்றார். குழந்தைகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் வீட்டில் நாம் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டோம். புதுநன்மை, அதன்பின் உறுதிப்பூசுதல், அத்தோடு வகுப்பு முடிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கடையை நடத்தலாம். எட்டாம் வகுப்பு மறைக்கல்வியை வைத்துக்கொண்டு கணவரின் சாவையும், பிள்ளையின் கேள்வியையும், தீராத கடனையும் சந்திப்பது கடினம். 1971இல் உரோமையிலிருந்து வந்த மறைக்கல்வி வழிகாட்டி நூல், பெரியவர்களுக்கான மறைக்கல்வியே தலையானது என்று மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

பெரியவருக்குப் பெரியவர் சொல்லிக்கொடுப்பது எப்படி இருக்கும்? அதற்கும் நம் மண்ணில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்பு அந்த அரசின் படைக்கே பயிற்சி அளித்தார். அரசுப் பணியில் இருந்த நீலகண்டபிள்ளை அவரோடு பழகினார். கால்நடைகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்திருந்த நண்பரிடம் டிலனாய் கேள்வி பதில் புத்தகத்தைத் திறக்கவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளோடு வழக்காடி, கடவுளை விடாத அந்த மனிதரின் கதை நீலகண்டபிள்ளையின் மனத்தில் தைத்தது. பேச்சு நீண்டது, கேள்விகள் பிறந்தன. குருவல்லாத, துறவியல்லாத ஒரு போர்வீரர் கொடுத்த மறைக்கல்வி அது. 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். பின்பு அவர் தம் மனைவி பார்கவிக்குச் சொல்லிக்கொடுக்க, அவரும் ஞானப்பூ ஆனார்.

சிறையும் சித்திரவதையும் வந்தபோதும் தேவசகாயம் தம்மைப் பார்க்க வந்தவர்களிடம் கற்றதைப் பேசிக்கொண்டே இருந்தார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பது கோட்டாற்றில், சவேரியார் பெயரால் எழுந்த கோயிலுக்குள். டிலனாயின் கல்லறை சற்றுத் தொலைவில் உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.