கதவருகே நின்ற சகோதரர்

மொன்றியலிற் குடியேறிய நம்மவருள், மவுன்ட் றோயல் மலைச்சாரலில் எழுந்து நிற்கும் புனித சூசையப்பர் ஆலயத்தின் பச்சைக் குவிமாடத்தை அறியாதார் இலர். கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவர்களும், மடுமாதா கோவிலுக்குச் சென்று வந்த பழக்கத்தினாற் போலும், அங்கே மெழுகுதிரி ஏற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் அவ்வாலயம் தோன்றக் காரணராயிருந்தவர் ஒரு பாடசாலையின் வாயிற்காப்போன் என்பதை நம் பிள்ளைகளுட் பலர் அறியார்.

அல்பிரட் பெசெத் 1845 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 ஆம் திகதி கியூபெக் மாகாணத்திற் பிறந்தார். தந்தை மரம் வீழ்ந்து மாண்டார். தாயைக் காசநோய் கொண்டுபோயிற்று. பன்னிரண்டு வயதில் அநாதையான அவர், பின்னர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று பஞ்சாலைகளிற் கூலிவேலை செய்து, 1867 இல் திரும்பினார். எழுத்தறிவு சொற்பம், உடலோ நோயுற்றது. 1870 இல் திருச்சிலுவைச் சபையிற் சேர்ந்தவரை, வலுவற்றவர் என்று சபையார் திருப்பியனுப்ப எண்ணினர். ஆயர் இக்னாஸ் பூர்ஜே பரிந்து பேசியதால் ஏற்கப்பட்டு, அந்திரே என்னும் துறவறப் பெயருடன் நொத்ர்தாம் கல்லூரியின் வாயிலில் அமர்த்தப்பட்டார். சபைக்கு வந்ததும் தமக்குக் கதவைக் காட்டினார்கள் என்றும், தாம் நாற்பது ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டதாகவும் அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாராம்.

கதவு திறத்தல், கடிதம் கொண்டுபோதல், தரை துடைத்தல், மாணவருக்கு முடி வெட்டுதல் என்பனவே அவர் பணிகள். முடி வெட்டிப் பெற்ற ஐந்து சதக் காசுகளையும் அன்பர் தந்தவற்றையும் கொண்டு, 1904 இல் எதிரேயுள்ள மலையில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. நோயாளர் திரண்டு வந்தனர். குணமடைந்தோம் என்று தமக்கு நன்றி கூறியவர்களை அவர் கடிந்துகொண்டார். குணமாக்கியவர் சூசையப்பரே என்றார். சாந்தமே உருவானவராக அவரைச் சித்திரிப்போர் இக்கோபத்தைச் சொல்லாது விடுவர். நமக்கோ அதுவே அவரது தாழ்மைக்கு மெய்ச்சான்றாகத் தோன்றுகிறது.

இங்கு ஒன்று கூறவேண்டும். ஊரில் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் இருந்த நாம் இந்நகரிற் பாத்திரம் கழுவினோம். இரவிற் கட்டடங்களைத் துப்புரவு செய்தோம். அந்திரேயைப் பார்த்து அமைதி கொள்ளுங்கள் என்று நமக்கு உபதேசித்தோர் உளர். அது பொருந்தாது. தாழ்த்தப்படுவது வேறு, தாழ்மை வேறு. அந்திரேயின் தாழ்மை அவர் தரை துடைத்தபோதன்று, நகரமே அவரைப் புகழ்ந்தபோதே வெளிப்பட்டது. நமக்கும் மண்டபங்களும் சங்கங்களும் வாய்த்த பின்னரே, அழைப்பிதழில் எவர் பெயர் முதலில் வரும், முன்வரிசையில் எவர் இருப்பார் என்ற பிணக்குகள் மூண்டன. அவ்வரிசையில் இருக்கையை எதிர்பார்த்தவருள் நாமும் ஒருவர்.

பேராலய வேலை 1924 இல் தொடங்கிப் பொருளாதார மந்தத்தாற் பல்லாண்டு தடைப்பட்டது. குவிமாடத்தைக் காணாமலே 1937 ஜனவரி 6 ஆம் திகதி, 91 ஆம் வயதில், அந்திரே காலமானார். கடுங்குளிரிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் அவர் உடலைக் காண வந்தனர். 2010 ஒக்டோபர் 17 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். முழந்தாளில் ஏறுவோருக்கென விடப்பட்டுள்ள 99 மரப் படிகளைக் கடந்து மேலே செல்வோர், பெருங்கோவிலின் அருகே அந்தப் பழைய சிற்றாலயத்தையும், அதன் மேல் அவர் தங்கிய சிறு அறையையும் இன்றும் பார்க்கலாம்.