தலைப்பு

நூலகத்தின் இசைப் பட்டியல் ஒன்றில் ‘சீரான தலைப்பு’, ‘பொருள் தலைப்பு’ என இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துக் குழம்பிப்போனேன். தலைப்பு என்றால் தலைப்பகுதி. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் தலைப்பு மதகு இருக்கும். சேலைக்கும் தலைப்பு உண்டு, அதுவோ தோளில் தொங்கும் கடைசி முனை! முதலையும் முடிவையும் ஒரே சொல் சுமப்பது எனக்கு மிகவும் பிடித்த அழகு. ஆனால் இசைப் பட்டியலுக்கு இந்தத் தாராளம் உதவாது. பீத்தோவன் 1801இல் இயற்றிய பியானோ சொனாட்டாவை உலகம் ‘நிலவொளி’ என்கிறது. அது அவர் வைத்த பெயரல்ல. இசைத்தட்டில் ஒரு பெயர், அச்சுப்படியில் வேறொன்று. அத்தனையையும் ‘சொனாட்டா, பியானோ, எண் 14’ என்ற ஒன்றின்கீழ் நூலகர் சேர்க்கிறார். ‘சீரான தலைப்பு’ எனப்படும் அது படைப்பின் பெயர். அதற்கு ‘நிலைப்பெயர்’ என்பதே பொருந்தும். ‘பியானோ சொனாட்டாக்கள்’ என்று வகை சுட்டுவது மட்டும் பொருள் தலைப்பாக இருக்கட்டும்.