இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்தது (1937)

பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மா, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி 1937 ஏப்ரல் 1 அன்று தனி நாடாக ஆளப்படத் தொடங்கியது. ஆட்சி பிரிட்டிஷாருடையதாகவே நீடித்தது. தமிழ்நாட்டில் இதன் அடி பலமாக விழுந்தது, பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நகரத்தாரின் செட்டிநாட்டில்.

பிரிவு ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்துவிடவில்லை. சரக்கும் ஆட்களும் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பழையபடியே வந்துபோகலாம் என்று தனித்தனி ஆணைகள் இருந்தன. ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் மத்திய வங்கியாக இருந்து, 1938 முதல் அந்நாட்டுக்கெனத் தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அந்தப் பொறுப்பு 1947 மார்ச்சில்தான் முடிந்தது. இந்தியாவின் பொதுக் கடனில் பர்மாவின் பங்கு 7.5 விழுக்காடு என்று, கணக்கைப் பிரிக்க அமைக்கப்பட்ட ஏமரி தீர்ப்பாயம் வகுத்தது.

ஆணைகளால் காப்பாற்ற முடியாமல் போனது நிலம். 1930களின் தொடக்கத்தில் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடகு வயல்கள் நகரத்தார் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம் 1937க்குள் ஏறத்தாழ 25 விழுக்காடானது. நகரத்தாருக்கு வேண்டியிருந்தது பணம், வயல் அல்ல. பர்மியர் கண்ணில் பட்டதோ கடல் கடந்து வாழும் நிலச்சொந்தக்காரர். பிரிவுக்குப் பின் அந்த வயல்களின் கதி ரங்கூன் சட்டமன்றத்தின் கையில். இந்திய அரசு தன் முகவர் மூலம் எடுத்துச்சொல்லலாம், அவ்வளவுதான். உழவரல்லாதார் நிலத்தை அரசே வாங்க வழிசெய்யும் சட்டம் 1941இல் வந்தது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் இந்திய-பர்மா ஒப்பந்தமும் அதே ஆண்டில் கையெழுத்தானது. இரண்டும் வேர்பிடிப்பதற்குள் ஜப்பானியப் படை நுழைந்துவிட்டது.

விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கியது, இழப்பீடு பெயரளவுக்குத்தான். நே வினின் இராணுவ ஆட்சியில் 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் போயின. பர்மிய நாணயமான சாட்டின் 50, 100 நோட்டுகளும் செல்லாமல் போயின. கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்திருந்த நகரத்தார் அல்லர். கூலிகளும் சிறு வியாபாரிகளும். கடற்கரை ரயில் நிலையத்தருகே அவர்கள் போட்ட கடைகளே பர்மா பஜார். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கி இன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.