பிறரன்பு

பிறரன்பு: தன்னை நேசிப்பதுபோல் அயலாரையும் நேசிக்கக் கோரும் கிறித்தவ அறநெறி, இறையன்புக்கு அடுத்த தலையாய கட்டளை. இதன் மூலம் லேவியராகமம் 19:18.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், அயலான் யார் என வினவிய சட்ட அறிஞருக்கு இயேசு நல்ல சமாரியன் உவமையைச் சொல்கிறார். எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப்போக, யூதர் ஒதுக்கிய சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு வெள்ளிக்காசும் கொடுக்கிறான். பரிவு கைக்காசையும் நேரத்தையும் கேட்கும் என்பதே உவமையின் உயிர்நாடி.

கத்தோலிக்க மரபு உடல்சார்ந்தவை ஏழு, ஆன்மாசார்ந்தவை ஏழு என 14 இரக்கச் செயல்களை வகுத்துள்ளது. பசித்தவர்க்கு உணவளித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல் இவற்றுள் அடங்கும்.

வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி இந்நெறியின் சிறந்த எடுத்துக்காட்டு. இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்தே வளர்ந்தது.