கூண்டு வண்டியும் கேம்பர்வேனும்: பாறசாலைப் பாதையில் ஒரு ராத்தங்கல்

நியூசிலாந்தில் குளிர்காலம் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். டிசம்பரில் கைக்கு எட்டாத வாடகையில் ஓடுகிற மோட்டார்ஹோம் எல்லாம் ஜூலையில் சும்மா நிற்கும். வாடகை பாதிக்கும் கீழே இறங்கும். ஒரு ஊரில் யாரோ விட்டுப்போன வண்டியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நாளுக்கு ஒரு டாலர் என்றுகூடக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அதே நேரம். அரிசி, பருப்பு, ஊறுகாய், இரண்டு குக்கர் சகிதம் தெற்குத் தீவுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் கொஞ்சமில்லை. (இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது. கொண்டுபோய் வீணாக்க வேண்டாம் :-))

கிளம்புகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இரண்டு. முதலாவது, அடுப்புக்கு என்ன வாயு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இரண்டாவதுதான் பெரிய விஷயம்: ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

வண்டி வாடகையைவிட இந்தக் கேள்விதான் செலவைத் தீர்மானிக்கும். 2011-ல் இங்கே இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கினால் அபராதம். 2023-ல் இன்னும் இறுக்கினார்கள். வண்டிக்குள் அசையாமல் பொருத்திய கழிப்பறையும், நல்ல தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தொட்டிகளும் இருந்தால்தான் தன்னிறைவான வண்டி என்று சான்று கிடைக்கும். அந்தச் சான்று இருந்தால் ஊராட்சி அனுமதிக்கும் இடங்களில் இலவசமாகத் தங்கலாம். இல்லாவிட்டால் காசு கொடுத்து முகாம் மைதானத்துக்குப் போகவேண்டும். ஆக, சாலை எல்லோருக்கும் பொது. நிற்பதற்குத்தான் தகுதி வேண்டும்.

எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சாலைதான் ஞாபகம் வரும். திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகிற பாதை. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறைந்த செலவில், குளிர்காலம் பார்த்து வெளியூர் கிளம்புகிற வழக்கம் அங்கே மோட்டார் வருவதற்கு வெகு முன்னாலேயே இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பாறசாலை எல்லை ஊர் இல்லை. திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் நடுவில் கிடந்த ஊர். எல்லை கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஆரல்வாய்மொழியில். அதைத் தாண்டினால் வெள்ளைக்காரன் ஆட்சி. எங்கள் பக்கத்தில் அந்தச் சீமைக்குப் 'பாண்டி' என்று பெயர். பாண்டிக்குப் போவதென்றால் வெளிநாடு போவதுதான். காசுகூட வேறு. இங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அங்கே வெள்ளைக்காரன் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்கவேண்டும். அந்த அரைச் சக்கரத்தில் எத்தனை கணக்குப்பிள்ளைகள் பிழைத்தார்களோ! 1865-ல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்ளும்வரை எல்லையில் சுங்கமும் உண்டு.

ஏன் குளிர்காலம்? ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் பாதையில் சேறு காயும், குளங்களில் தண்ணீர் நிற்கும், சாலையோரம் புல் இருக்கும். மாட்டுக்குத் தீவனச் செலவு பாதி மிச்சம். வெயிலும் இல்லாததால் பகலிலேயே ஓட்டலாம். போதாததற்குக் கோட்டாறு சவேரியார் திருவிழா கார்த்திகையில், சுசீந்திரம் தேர் மார்கழித் திருவாதிரையில். ஒரு ஜோடி மாடு நாளுக்கு 25, 30 கிலோமீட்டர் போனால் அதிகம். நெய்யாற்றின்கரையில் காலையில் பூட்டினால் குழித்துறை ஆற்றங்கரையில் ராத்தங்கல். மறுநாள் நாகர்கோவில்.

வண்டி என்றால் கூண்டு வண்டி. வளைத்த மூங்கிலின் மேல் பாய் வேய்ந்த கூரை. உள்ளே வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் விரித்தால் பகலில் இருக்கை, ராத்திரி படுக்கை. வண்டிக்கு அடியில் சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி அதில் மாட்டுக்கு வைக்கோலும் பானைகளும். அச்சுக்குப் பக்கத்தில் விளக்கு. எங்கள் பாட்டா சொல்லக் கேட்டது: சுசீந்திரம் தேருக்குப் போகும்போது அவலும் கருப்பட்டியும் கருவாடும் மரச்சீனியும் வீட்டிலிருந்தே போகும். வழியில் வாங்குவது உப்பும் வெற்றிலையும் மட்டும். (மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஏழைகளின் வண்டிப் பயணத்துக்கு அவர் செய்த உபகாரம் அவருக்கே தெரிந்திருக்காது.)

திருவிதாங்கூருக்குத் தர்ம பூமி என்று ஒரு பட்டம் உண்டு. சாலை நெடுக ஊட்டுப்புரைகள், அதாவது அரசாங்கச் செலவில் சாப்பாடு போடும் இடங்கள். இலவசம். ஆனால் பிராமணர்களுக்கு. பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்த சாமுவேல் மெட்டீர் என்ற லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார், 1871-ல் எழுதிய புத்தகத்துக்கு இந்தத் 'தர்ம பூமி' என்ற பட்டத்தையே தலைப்பாக வைத்தார். படித்தால் அதில் இருக்கும் குத்தல் புரியும். வரி கொடுப்பவன் ஒருவன், சாப்பிடுபவன் வேறொருவன் என்பது அவருடைய கோபம். மிஷனரி பார்வை என்று சிலவற்றைக் கழித்துக்கொண்டுதான் அவரைப் படிக்கவேண்டும். இந்த விஷயத்தில் கழிக்க ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு என்ன இருந்தது? ஜாதிக்குத் தகுந்தபடி வழியம்பலத் திண்ணை. அதுவும் இல்லாதவர்களுக்கு மரத்தடி. சுமை தூக்கி நடப்பவர்கள் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க சுமைதாங்கிக் கல். எங்கள் வீட்டாருக்குச் சத்திரத் திண்ணை கிடையாது. கூண்டு வண்டி அவர்களுக்கு உல்லாசம் இல்லை. ஊரார் இடம் கொடுக்காததால் இடத்தையே கூட எடுத்துப்போனார்கள். சுசீந்திரம் போய்த் தேரைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா ஜாதியாரும் நடக்கலாமா என்பதற்கே 1926-ல் அங்கே சத்தியாகிரகம் நடக்கவேண்டி இருந்தது.

இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. வண்டியே கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவர்கள்.

நெய்யாற்றின்கரை தாலுகாவில் வெங்ஙானூர் என்று ஒரு ஊர். அங்கே 1863-ல் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல், அதாவது அவர் பிறப்பதற்கு வெறும் எட்டு வருஷம் முன்னால். பொதுச் சாலைகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1865-ல் அரசாங்கம் அறிவித்தது. 1884-ல் மறுபடியும் சொன்னது. ஒரே விஷயத்தை அரசாங்கம் இரண்டு தடவை சொல்கிறது என்றால் முதல் தடவை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். புலையர் சாலையில் நடந்தாலே அடி விழும். நல்ல வேட்டி, தலைப்பாகை, வாகனம் எதுவும் கூடாது.

1893-ல், முப்பது வயதை ஒட்டிய அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். கூண்டு வண்டி இல்லை, வில்வண்டி. அடியில் வில் பட்டை வைத்து, குலுங்காமல் போகிற, வசதிக்காரர்கள் ஏறுகிற வண்டி. வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்து, பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்கள் மறித்தார்கள், அவர் நிறுத்தவில்லை. கேரளத்தில் இன்றைக்கும் இதை 'வில்லுவண்டி' என்று சொன்னாலே போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். பயணத்துக்காக இல்லாமல், பயணிக்கலாம் என்பதற்காகவே ஒருவர் வண்டி வாங்கியது எங்கள் தாலுகாவில்தான்.

அதன்பிறகு அவருடைய ஆட்கள் பாலராமபுரம் சாலியர் தெரு வழியாகக் கூட்டமாக நடந்து போனபோது பெரிய அடிதடி ஆனது. இரண்டு பக்கமும் ரத்தம். இந்தப் பாலராமபுரத்தைப் பற்றி நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தகவல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி, தமிழ் பேசும் சாலியர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. அதாவது புலம்பெயர்ந்தவர்களின் தெரு. வந்து குடியேறியவர்களுக்கு ராஜா தெருவே அமைத்துக் கொடுத்தார். மண்ணின் மக்கள் அந்தத் தெருவில் நடக்க அடிபட்டார்கள். குடியுரிமைச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோயில் கதவு 1936 நவம்பரில் திறந்தது. 1937 ஜனவரியில் காந்தி அதைப் பார்க்கத் திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றினார். அதுவும் ஒரு குளிர்காலச் சுற்றுப்பயணம்தான்! அப்போது வெங்ஙானூருக்கும் போய் அய்யன்காளியைச் சந்தித்தார்.

அடுத்த வருஷம் கூண்டு வண்டிக்கு முடிவு வந்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாங்க பஸ் தொடங்கியது. லண்டன் பஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்து, இங்கிலாந்திலிருந்து காமர் சேசிஸ் இறக்கி, கூடு இங்கேயே கட்டினார்கள். முதல் தடம் எது தெரியுமா? திருவனந்தபுரம் - கன்னியாகுமரி. நம்ம பாதையேதான். ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க 1979 ஆனது. ஆக நாற்பது வருஷம் பஸ்தான் ராஜா. இரண்டு நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியதும் ராத்தங்கல் என்ற சங்கதியே ஒழிந்தது. வழியம்பலங்கள் இடிந்தன. சுமைதாங்கிகள் சாலையை அகலப்படுத்தியபோது போயின.

1956 நவம்பர் 1-ல் எல்லையே இடம் மாறியது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை தெற்கே சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தன. அவர்கள் கேட்டதில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளை தமிழ்நாடு, பக்கத்துப் பாறசாலை கேரளம். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் இருந்த 'பாண்டி' ஒரே ராத்திரியில் களியக்காவிளைக்கு வந்துவிட்டது. அமரவிளையில் செக்போஸ்ட் வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனையை ஒழிக்கும்வரை சரக்கு லாரிகள் அங்கே வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம்.

வண்டியில் குடித்தனம் மட்டும் அந்தச் சாலையை விட்டுப் போகவில்லை. கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரஜோதி வரைக்கும் போய்ப் பாருங்கள். சபரிமலைக்குப் போகும் வேன்கள், கன்னியாகுமரியும் சுசீந்திரமும் பார்த்துவிட்டு வடக்கே வரும். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிய பாத்திரங்கள், பின்னால் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, கூடவே ஒரு சமையல்காரர். ராத்திரி சீட்டிலேயே தூக்கம், விடியற்காலையில் குழாயடியில் குளியல், சாலையோரத்திலேயே உப்புமா. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை அறிவித்து, குளிர்சாதனமும் குளியலறையும் உள்ள வண்டிகளை ஊக்கப்படுத்துகிறது. அவை நிற்கத் தனிப் பூங்காக்கள். வேன்காரர்கள் பாறசாலை தாண்டியதும் தண்ணீர்க் குழாயும் ஒரு மர நிழலும் எங்கே இருக்கிறதோ அங்கே ஓரம் கட்டுகிறார்கள்.