இரண்டு வெள்ளிக்கிழமைகள்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், எமது ஆசிரிய பீடத்தில் கனத்த பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி ஒன்று இருந்தது. செய்தி தந்தோரின் பெயர்களும் பிரசுரமாகாத கடிதங்களும் அதற்குள் இருந்தன. ஆசிரியரின் அனுமதியின்றி எவரும் அதைத் தொட முடியாது என்றே நாம் நம்பியிருந்தோம். ஆனால், "ஐயா கேட்டவர்" என்று யார் வந்து சொன்னாலும், அலுவலக உதவியாளர் அதைத் திறந்து கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்பதைப் பின்னரே அறிந்தேன். பூட்டிற் குறையில்லை. திறக்கும் உரிமை பெற்றவர், கேட்பவர் யார் என்று விசாரிக்காததே குறை.

கணினிகளின் வரலாற்றைப் படித்தபோது, அங்கும் இதே கதை இருப்பதைக் கண்டேன்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான சி.ரி.எஸ்.எஸ். என்னும் முறைமை 1961இல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழிசெய்தது. ஒருவருடைய கோப்பை மற்றவர் பாராதிருக்கவும், அவரவர்க்கு ஒதுக்கிய நேரத்தைக் கணக்கிடவும் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கப்பட்டது. அச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில், எவரும் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணித்தியாலங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அது அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. துளையட்டையில் கோப்பின் பெயரைக் குறித்துக் கொடுத்தால் அதை அச்சிட்டுத் தரும் வசதி அங்கிருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில், கடவுச்சொற் கோப்பையே அச்சிடும்படி அவர் அட்டை கொடுத்தார். சனிக்கிழமை அதிகாலையில் சென்று, அச்சிட்ட தாள்களை எடுத்துக்கொண்டார். அச்சிடும் நிரலுக்கு எல்லாக் கோப்புகளையும் திறக்கும் அதிகாரம் இருந்தது. கேட்பவருக்கு அந்த உரிமை உண்டா என்று அது வினவவில்லை. முறைமையின் ஐம்பதாவது ஆண்டையொட்டி 2011இல் வெளியான நினைவு மலரில் ஷேரே இதனை விபரித்துள்ளார்.

1966இல் வந்த வெள்ளிக்கிழமையில் குற்றவாளி எவருமில்லை. நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய அறிவித்தலையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். ஓர் இடத்தில் ஒருவரே வேலைசெய்வார் என்ற எண்ணத்தில், திருத்தும் மென்பொருள் தனது தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டு வந்தது. அதனால் இரண்டும் இடம் மாறின. அன்று மாலை ஐந்து மணியளவில், உள்நுழைந்தோர் அனைவருக்கும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோரது கடவுச்சொற்களும் வந்து விழுந்தன. அதைக் கண்ட ஒருவர் வேண்டுமென்றே இயந்திரத்தை முடங்கச் செய்து அதனை நிறுத்தினார்.

இவற்றிலிருந்து பாடங்கள் பிறந்தன. கடவுச்சொல்லை மீளப் பெறமுடியாத வடிவிற்கு மாற்றிச் சேமிக்கும் முறையை, 1960களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் ரொஜர் நீடம் கையாண்டார். 1979இல் ரொபேர்ட் மொரிசும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமையில் அதனை மேலும் பலப்படுத்தியமையை எழுதினர். ஆயினும் பட்டியலைக் காத்தவர்களால் ஏவலாளரைத் திருத்த முடியவில்லை. பிறருக்காகத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஏமாறும் நிரலுக்கு, 1988இல் நோர்ம் ஹார்டி 'குழம்பிய பிரதிநிதி' என்று பெயரிட்டார். இணையச் செயலிகளின் ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடே.

இன்று எமது அடையாளங்கள் யாவும் யாரோ ஒருவருடைய அலுமாரியில் இருக்கின்றன. பூட்டு எவ்வளவு பலமானது என்றே நாம் கேட்கின்றோம். யார் யாருக்காக அது திறக்கப்படுகிறது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

எமது ஆசிரிய பீடத்து அலுமாரியிலிருந்து ஒரு கடிதம் வெளியே போனது. அதை எழுதியவர் அதன்பின் எங்கள் அலுவலகப் படியை மிதிக்கவேயில்லை. அந்தப் பூட்டு மட்டும் கடைசிவரை பழுதுபடாமலே இருந்தது.