மன்னார்க் கடலும் மக்கள் மன்றமும்

ஈழத்தின் வடமேற்குக் கரையினின்று மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றீவே மன்னார்த்தீவு ஆகும். அதன் வடபால் பாக்கு நீரிணையும் தென்பால் மன்னார்க் குடாக்கடலும் அமைந்துள்ளன. மேற்கு முனையாகிய தலைமன்னாரிலிருந்து இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் தனுஷ்கோடி வரை தொடர்கின்றன. பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி முதலாய தீவுக் கிராமங்களும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலாய பெருநிலக் கரைக் கிராமங்களும் கடலை நம்பி வாழ்பவை. வயலுக்கு உறுதி உண்டு, வரம்பு உண்டு. கடலுக்கு அவை இல்லை. ஆதலால், கடல் யாருக்குரியது, அதில் யார் எவ்வாறு தொழில் செய்யலாம் என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் அரசின் கையிலேயே இருந்து வந்துள்ளது. அவ்வரசைக் கேள்வி கேட்பதற்கென அமைந்தவை சட்ட மன்றங்கள். மன்னார்க் கரையின் பொருட்டு அவை அக்கடமையை எவ்வாறு ஆற்றின என்பதை மூன்று நிகழ்ச்சிகளின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது முத்துக்குளிப்புப் பற்றியது. அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரேயுள்ள கடலடிப் பார்களில் விளைந்த முத்துச்சிப்பி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரையும் இக்கரைக்கு ஈர்த்தது. 1796இல் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அவ்வாண்டு தொடக்கம் மூன்று ஆண்டுகள் இடைவிடாது குளிப்பு நடத்திப் பெரும் வருவாய் ஈட்டினர்; அதன் விளைவாகப் பார்கள் வறுமையுற்றன. முத்துக்குளிப்பின் பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் அரிப்பிற் கட்டிய மாளிகையின் இடிபாடுகள் இன்றும் கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றன. குளிப்பு நிகழும் ஆண்டுகளில், கரையில் ஒரு தற்காலிக நகரமே எழும். கீழக்கரை, தொண்டி முதலிய தமிழகத் துறைகளிலிருந்தும் அராபிய நாடுகளிலிருந்தும் குளியாளர் வந்து கூடுவர். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கும் இரு பங்கு அரசுக்கும் சேரும். அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டுக் கொழும்புத் திறைசேரியைச் சென்றடையும்.

1891ஆம் ஆண்டின் பின் பல்லாண்டுகள் குளிப்பு நிகழவில்லை. காரணம் அறிய அழைக்கப்பட்ட லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் பார்களை ஆராய்ந்தார். 1903 தொடக்கம் மீண்டும் குளிப்பு நடைபெற்றது. 1905ஆம் ஆண்டின் குளிப்பு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருவாயைத் தந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, பார்கள் யாவும் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் ஆங்கிலக் கம்பனிக்கு, ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம், 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907ஆம் ஆண்டின் பின் பார்கள் பலன் தரவில்லை. தவணை முடிவதற்கு நெடுங்காலம் முன்னரே கம்பனி குத்தகையைக் கைவிட்டு விலகியது. 1925இல் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. பழைய சிறப்பு மீளவில்லை.

இக்குத்தகையால் அரசு இலாபமடைந்ததா, கம்பனி நட்டமடைந்ததா என்பன கணக்கர் ஆராய வேண்டியவை. இருபது ஆண்டுகளுக்கு ஒரு கரையின் கடற்செல்வத்தைக் கைமாற்றிய முடிவை எடுத்தவர் யாவர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. 1833இல் தோன்றிய சட்டநிரூபண சபையில், ஆரம்பத்தில் உத்தியோக உறுப்பினர் 9 பேர், உத்தியோகப்பற்றற்றவர் 6 பேர். அவ்வறுவருள் தமிழர் ஒருவர். 1889இல் மேலும் இருவர் சேர்க்கப்பட்ட போதிலும் உத்தியோகத்தரின் பெரும்பான்மை நிலைத்தது. உத்தியோகப்பற்றற்றோரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவரேயன்றி மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர். வினா எழுப்ப இடமிருந்தது. விடையை மாற்ற வலுவிருக்கவில்லை. மன்னார்க் கரைக்கெனத் தனியே பேசுவார் எவருமிலர்.

1931இல் டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது மன்னார், முல்லைத்தீவுடன் இணைந்து ஒரு தொகுதியாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரிப்பினால் வெறுமையாய்க் கிடக்க, இத்தொகுதி மட்டும் அரசாங்க சபைக்கு உறுப்பினரை அனுப்பியது. 1947இல் மன்னார் தனித்தொகுதியாகியது. அதன் முதற் பாராளுமன்ற உறுப்பினரான சி. சிற்றம்பலம், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் தபால், தந்தித் தொடர்பு அமைச்சராகவும் விளங்கினார். ஆயின், பிரதிநிதி ஒருவர் இருத்தல் மட்டும் போதியதன்று என்பதை இரண்டாவது நிகழ்ச்சி காட்டுகின்றது.

1974 யூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லை வகுத்து உடன்படிக்கை செய்தன. கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே, யூலை 23ஆந் திகதி, இந்தியப் பாராளுமன்றத்தில் வெளிநாட்டமைச்சர் சுவரண் சிங் அறிக்கை விடுத்தார். இராமநாதபுர உறுப்பினர் மூக்கையாத் தேவர், திராவிட முன்னேற்றக் கழகத்தின் இரா. செழியன் முதலானோர் கண்டனக் குரல் எழுப்பினர். நடந்து முடிந்த செயலை அவர்தம் கண்டனம் மாற்றவில்லை. எனினும், அவ்வுடன்படிக்கை இரு நாட்டுக் கலங்களும் மற்றைய நாட்டு நீர்ப்பரப்பில் மரபாய் அனுபவித்த உரிமைகளைக் குறிப்பிட்டுக் காத்திருந்தது.

1976 மார்ச் 23ஆந் திகதி மன்னார்க் குடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்றைய நாட்டுக் கடலில் தொழில் செய்தலாகாது என விதித்தன. அவ்வேளை இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவியது. தமிழகச் சட்டசபையோ அவ்வாண்டு சனவரி 31ஆந் திகதி கலைக்கப்பட்டிருந்தது. இலங்கையிலும் அவசரகாலச் சட்டமே நடைமுறையிலிருந்தது. உறவும் வழிபாடும் வாணிபமும் ஒன்றாய்க் கலந்திருந்த ஒரு கடலைப் பிரிக்கும் முடிவு, அக்கடலின் இரு கரை மக்களையும் வினவாமலே எடுக்கப்பட்டது என்பது மிகையன்று. கோடு நீரின்மேல் வரையப்பட்டது. அதனைக் காக்கும் பொறுப்பும் கடக்கும் ஆபத்தும் மீனவர் தலையில் விழுந்தன.

இதன்பின் மன்னாரின் குரல் மன்றத்திலேயே இல்லாதொழிந்த காலமும் வந்தது. 1977இல் மன்னாரில் தெரிவான தமிழர் விடுதலைக் கூட்டணியின் பி. எஸ். சூசைதாசன் உட்பட அக்கட்சியினர், 1983இல் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்கீழ்ச் சத்தியம் செய்ய மறுத்துத் தம் ஆசனங்களை இழந்தனர். போரினால் கடலிற் செல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. பலர் அகதிகளாய் இராமேசுவரம் சென்றனர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. 1989 முதல் விகிதாசாரத் தேர்தல் நடைபெற்றமையால், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம் என ஒன்றாயின. மன்னாருக்கு மட்டும் விடை கூறக் கடமைப்பட்ட உறுப்பினர் எவரும் அதன்பின் இல்லை.

வடகடல் மீனவர் கரையில் முடங்கிய அக்காலத்தில், தமிழகத்தின் இழுவைப் படகுகள் அவர்தம் கடலில் தடையின்றித் தொழில் செய்யப் பழகின. 2009இல் போர் முடிவுற்று மன்னார் மீனவர் மீண்டும் வலையெடுத்தபோது, தம் கடல் தமக்கில்லாமை கண்டனர். இழுவைமடி கடலடியைச் சுரண்டிச் செல்வது; குஞ்சையும் சினையையும் வேறுபாடின்றி வாரிக்கொள்வது; வழியில் விரித்துக் கிடக்கும் சிறு வலைகளை அறுத்தெறிவது. இராமேசுவரப் படகுகள் கடலுக்கு வரும் நாள்களில், வலை இழக்க அஞ்சி இக்கரையினர் வீட்டிலிருக்க நேர்ந்தது. அப்படகுகளிற் கூலிக்கு வந்து சிறைப்படுவோரும் ஏழைகளே. அவர்கள் பேசும் மொழியும் இக்கரை மொழியே. இதனாலேயே இச்சிக்கல் எளிதில் தீராததாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி இங்கேதான் தோன்றுகின்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட உறுப்பினராயிருந்த எம். ஏ. சுமந்திரன் தனியார் சட்டமூலமாக முன்வைத்த முயற்சி வித்தாக, 2017 யூலை 6ஆந் திகதி பாராளுமன்றம் கடற்றொழில், நீர்வாழ் உயிரினவளச் சட்டத்தைத் திருத்தி, இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடை செய்தது. மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் 50,000 ரூபா அபராதமும் விதிக்கப்பட்டன. 2018இல் பிறநாட்டு மீன்பிடிக் கலங்கள் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டு, அபராதம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. கரையோரத்துச் சிறு மீனவரின் முறைப்பாடு நாட்டின் சட்டமாக உருப்பெற்ற அரிய நிகழ்ச்சி இதுவாகும். முன்னைய இரண்டிலும் மன்றம் அரசின் செயலுக்குப் பின்னே நடந்தது. இதிலோ அரசுக்கு முன்னே நடந்தது.

ஆயினும் வரலாறு அவ்விடத்தில் முடியவில்லை. தடை அயலாரை மட்டும் குறித்ததன்று. பேசாலையிலும் யாழ்ப்பாணத்துக் குருநகர் முதலிய இடங்களிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன. அயலவரைத் தடுக்கும் நியாயம் நிலைபெற வேண்டுமாயின், தம்மவரையும் தடுத்தாக வேண்டும். கடன்பட்டுப் படகு வாங்கியவரும் அதில் உழைத்தவரும் வேறு தொழிலுக்கு மாறுவதற்கு வழி காட்டாமல் சட்டம் மட்டும் இயற்றப்படின், அது ஏட்டளவில் நின்றுவிடும் அபாயம் உண்டு. 2021 ஒக்டோபரில், சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு கோரி முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி நடைபெற்றபோது, அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் அச்சட்டத்திற்கு வித்திட்ட சுமந்திரனும் ஒருவராயிருந்தார். சட்டம் ஆக்கியவரே அதனைச் செயற்படுத்தக் கோரிக் கடலிலிறங்கும் நிலை, ஆராய்வு சட்டப் புத்தகத்துடன் முடிந்துவிடுவதன் குறைபாட்டைத் தெளிவாய் உணர்த்துகின்றது.

இக்குறைபாடு கடலுக்கு மட்டும் உரியதன்று. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் மின்னிலையமொன்று திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் தீவு மக்கள் வீதியில் இறங்கினர். அதன்பின்னரே வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி ஆராயுமாறு ஜனாதிபதி பணித்தார். மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை மக்கள் வெயிலில் நின்று கேட்க நேர்ந்தமையே வருந்தத்தக்கது.

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மன்றத்தில் மன்னாரைப் பற்றிப் பேசப்படாமை குறையன்று; முத்து, எல்லை, மீன், காற்று எனப் பலவும் பேசப்பட்டுள்ளன. அப்பேச்சு எக்காலத்தில் நிகழ்ந்தது என்பதிலேயே பயன் தங்கியுள்ளது. கைச்சாத்துக்கு முன் நிகழும் ஆராய்வு முடிவைத் திருத்த வல்லது. பின் நிகழ்வது பதிவேட்டை நிரப்புவது. சட்டம் நிறைவேறிய பின்னும் தொடரும் ஆராய்வே அதற்கு உயிரூட்டுவது. பாராளுமன்றக் குழுக்கள் கொழும்பில் அறிக்கைகளைப் பார்ப்பதோடு அமையாது, பேசாலைக் கரைக்கும் தாழ்வுபாட்டு வாடிகளுக்கும் வந்து, திட்டம் வகுக்குமுன் ஒருமுறையும் வகுத்தபின் மறுமுறையும் மக்களைக் கேட்பதை நெறியாக்குதல் வேண்டும். அந்நாள் வருமாயின், 1906இல் கேட்கப்படாத கரையின் குரலுக்கு, ஒரு நூற்றாண்டு கடந்தேனும் மன்றத்தில் இடம் கிடைத்ததாகும்.